கொழுந்து டிராக்டரின் லைட் ஏன் மங்குகிறது?



தலவாக்கலைப் பக்கத்தில் பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாது. அந்த நேரத்தில்தான் கடைசி நிறுவை முடிந்து, மடுவத்திலிருந்து கொழுந்தை ஏற்றிக்கொண்டு டிராக்டர் பெக்டரிக்குப் புறப்படும். அது பழைய டிராக்டராக இருந்தால் அதன் முன் லைட்டைக் கவனியுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் உறுமும்போது லைட் பளிச்சென்று எரியும். வளைவு வந்து டிரைவர் வேகத்தைக் குறைத்ததும் மங்கும். வளைவைத் தாண்டி எஞ்சின் மறுபடி உறுமினால் வெளிச்சம் திரும்பி வரும்.

வெளிச்சம் அதிகம் வேண்டிய இடம் வளைவுதான். அங்கேதான் அது குறைகிறது. பெட்டரிதான் பழுது என்று நினைத்துப் புதிது வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் அதுவும் இறங்கிவிடும். கரன்ட் பிறப்பிக்கும் பழைய டைனமோவைக் கழற்றி, அதே வேலைக்கு ஆல்டனேட்டர் பூட்டுகிறவர்களும் உண்டு. அது நல்ல வேலைதான். ஆனால் வயரையும் இணைப்புகளையும் பழையபடியே விட்டுவிட்டால், புது ஆல்டனேட்டர் போட்டும் லைட் மங்கத்தான் செய்யும்.

கரன்ட் எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது? இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் மங்குகிற லைட்டின் காரணத்தை நீங்களே சொல்லிவிடலாம். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலைக்குள்ளும் பொனட்டுக்குள்ளும் ஒரே விதி

காந்தத்தைச் செப்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் அசைத்தால், அசைகிற நேரத்தில் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். காந்தத்தைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது. காந்தம் அசையலாம், அல்லது சுருள் அசையலாம். இரண்டில் ஒன்று அசைந்தால் போதும். 1831 இல் மைக்கல் பரடே இதைக் கண்டுபிடித்தார். பாடப்புத்தகத்தில் இதை மின்காந்தத் தூண்டல் என்று படிப்பீர்கள்.

இந்த விதி வேலை செய்வதைக் காண நீங்கள் தூர தேசம் போக வேண்டாம். தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டிய அணையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தேங்கும் நீர் மலைக்குள் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளமான சுரங்க வழியில் ஓடி, நியம்கம்தொரவில் நிலத்தடியில் இருக்கிற மின் நிலையத்துக்குப் போகிறது. அதுதான் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையம். அங்கே தலா 75 மெகாவாட் தரக்கூடிய இரண்டு மின்பிறப்பாக்கிகள் இருக்கின்றன. நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் பெரிய மின்காந்தம் ஒன்றைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றி அசையாமல் இருக்கிற செப்புச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது.

டிராக்டரின் பொனட்டைத் திறந்தால், எஞ்சினின் பக்கத்தில் ஒரு தேங்காய் அளவுக்கு உருண்டையாக ஒரு பொருள் பெல்ட்டால் சுழன்றுகொண்டிருக்கும். அதுதான் ஆல்டனேட்டர். அதற்குள்ளும் மின்காந்தம் சுழல்கிறது, வெளியே செப்புச் சுருள் அசையாமல் நிற்கிறது. சக்கரத்தைச் சுழற்ற அங்கே நீர், இங்கே டீசல் எஞ்சின். அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பழைய டிராக்டரில் இருந்தது டைனமோ

இங்கிலாந்தின் கவன்றி நகரத்தில் 1964 இல் வெளிவரத் தொடங்கிய மெசி பெர்குசன் 135 இலங்கையிலும் நன்றாகத் தெரிந்த டிராக்டர். அந்தக் காலத்து டிராக்டர்களில் பெரும்பாலும் டைனமோதான் பூட்டப்பட்டிருந்தது. டைனமோவில் காந்தம் வெளியே அசையாமல் இருக்கும். செப்புச் சுருள் உள்ளே சுழலும்.

சுழல்கிற சுருளில் பிறக்கும் மின்னோட்டத்தை எப்படி வெளியே எடுப்பது? சுருளின் முனைகளைச் செப்புத் துண்டுகளால் ஆன ஒரு வளையத்தில் இணைத்து, அதன்மேல் கார்பன் துண்டுகள் உரசும்படி வைத்தார்கள். லைட்டுக்கும் பெட்டரிக்கும் போகிற முழு மின்னோட்டமும் அந்த உரசல் வழியாகத்தான் வர வேண்டும். அதனால் தீப்பொறி பறக்கும், கார்பன் தேயும். சுருளை அளவுக்கு மீறிய வேகத்தில் சுழற்றவும் முடியாது. கனமான கம்பிகள் வெளிப்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த வேகத்தில் கெட்டுப் போகாதிருக்க, டைனமோவை நிதானமான வேகத்திலேயே ஓடும்படி அமைத்தார்கள். விளைவு என்ன தெரியுமா? எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் வோல்ட் பெட்டரியின் வோல்ட்டை விடக் குறைந்துவிடும். அந்த நேரம் பக்கத்தில் இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி டைனமோவைப் பெட்டரியிலிருந்து பிரித்துவிடும். பிரிக்காவிட்டால் பெட்டரியின் கரன்ட் பின்வழியாக டைனமோவுக்குள் பாயும்.

அப்படிப் பிரிந்த நேரத்தில் லைட் எரிவது பெட்டரியை மட்டும் நம்பித்தான். வளைவில் மங்குவதற்கு இதுவே முதல் காரணம். கம்பி இழை எரிகிற சாதாரண பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் கண்ணுக்கு அது நிறையத் தெரியும்.

ஆல்டனேட்டர் செய்த மாற்றம்

ஆல்டனேட்டரில், டைனமோவின் உள்ளே இருந்ததை வெளியே வைத்தார்கள், வெளியே இருந்ததை உள்ளே வைத்தார்கள். சுழல்வது இப்போது ஒரு சிறு மின்காந்தம். அதை உயிர்ப்பிக்க ஒரு சில அம்பியர் மின்னோட்டம் போதும். அந்தச் சிறு மின்னோட்டம் மட்டும்தான் உரசும் கார்பன் வழியாகப் போகிறது. லைட்டுக்கும் பெட்டரிக்கும் போகிற பெரிய மின்னோட்டம் அசையாத சுருளில் பிறந்து, உரசல் எதுவும் இல்லாமல் தடித்த முனை வழியாக வெளியே வருகிறது. சுழலும் பாகம் உறுதியாக இருப்பதால் அதை வேகமாகவும் சுழற்றலாம். சின்னக் கப்பி பூட்டினால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஆல்டனேட்டர் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின்னோட்டம் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஒரு சிக்கல். இங்கே பிறப்பது ஆடலோட்டம். ஒரு கணம் இந்தப் பக்கம், மறு கணம் அந்தப் பக்கம் என்று மாறி மாறி ஓடும் மின்னோட்டம். பெட்டரிக்கோ ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டம்தான் வேண்டும். ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தைப் போக விடுகிற இருவாயி இதற்கு விடை. கராஜில் டயோட் என்பார்கள். ஆல்டனேட்டரின் பின்பக்கத்தில் ஆறு பெரிய இருவாயிகள் இருந்து, வருகிற எல்லா மின்னோட்டத்தையும் ஒரே திசைக்குத் திருப்பிவிடும். சிறிய சிலிக்கன் இருவாயிகளைச் செய்யக் கற்ற பிறகுதான் ஆல்டனேட்டர் சாதாரண வாகனங்களுக்குள் வர முடிந்தது. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960 இல் வேலியன்ட் காரில் அதைப் பூட்டியது. பிறகு மற்ற வாகனங்களுக்கும் டிராக்டர்களுக்கும் பரவியது.

கணக்கையும் பாருங்கள். பழைய டிராக்டர்களில் இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோ நன்றாக வேகமெடுத்த பிறகு சுமார் 22 அம்பியர் தரும். அதன் இடத்தில் பூட்டப்படும் லூகாஸ் 17ஏசிஆர் ஆல்டனேட்டர் 36 அம்பியர் தரும். முன் லைட் இரண்டு, வேலை லைட் இரண்டு, ஒவ்வொன்றும் 55 வாட். பின்பக்கச் சிவப்பு லைட்டும் டாஷ்போர்ட் லைட்டும் சேர்ந்து 20 வாட். மொத்தம் 240 வாட். 12 ஆல் வகுத்தால் 20 அம்பியர். டைனமோவில் இது ஏறக்குறைய முழுச் சக்தியையும் தின்றுவிடும், பெட்டரிக்கு மிச்சம் இருக்காது. ஆல்டனேட்டரில் இன்னும் 16 அம்பியர் மிஞ்சும்.

திரும்பி வரும் வழி

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். மின்னோட்டம் ஒரு பக்கம் போய் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஆல்டனேட்டரிலிருந்து புறப்பட்டு, லைட்டையோ பெட்டரியையோ தொட்டு, மறுபடியும் ஆல்டனேட்டருக்கே வந்து சேர வேண்டும். மடுவத்திலிருந்து கொழுந்து ஏற்றிப் போன லொறி திரும்பி வந்தால்தான் அடுத்த நடைக்கு ஏற்றலாம். போகிற பாதை தார் போட்டுப் பளபளவென்று இருந்தாலும், திரும்புகிற பாதையில் மண்சரிந்து கிடந்தால் அன்றைய கொழுந்து மடுவத்திலேயே கிடக்கும். கரன்டுக்கும் அப்படித்தான்.

வாகனத்தில் போகிற வழி வயர், அது கண்ணுக்குத் தெரியும். திரும்புகிற வழி வாகனத்தின் இரும்பு உடல். அது வயர் மாதிரித் தெரியாததால் பலர் அதை மறந்துவிடுவார்கள். இதைத்தான் கராஜில் எர்த் என்று சொல்வார்கள். ஆல்டனேட்டரின் உடல் அதைத் தாங்கும் பிரக்கெட்டில் இருக்கிறது. பிரக்கெட் எஞ்சினில், எஞ்சின் டிராக்டரின் உடலில், உடலிலிருந்து ஒரு தடித்த பட்டை பெட்டரிக்கு. இந்தத் தொடரில் எங்காவது துருவோ பெயின்ட்டோ இருந்தால் திரும்பும் வழி ஒடுங்கிவிடும்.

டிராக்டரில் எஞ்சினே உடம்பின் ஒரு பகுதி. எஞ்சினும் கியர் பெட்டியும் போல்ட்டால் நேரடியாகச் சேர்ந்திருக்கும். லொறியிலும் வானிலும் எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும். ரப்பர் வழியாக மின்னோட்டம் போகாது. அதனால் எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் நடுவில் தனியாக ஓர் எர்த் பட்டை இருக்க வேண்டும். அது அறுந்துவிட்டால் கரன்ட் அக்சிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய இரும்புக் கம்பியைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பார்க்கும். அந்தக் கேபிள் சூடாகிக் கருகிவிடும்.

ஒரு வோல்ட் எங்கே காணாமல் போகிறது?

நன்றாக இருக்கிற 12 வோல்ட் பெட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். அதற்குள் மின்னோட்டத்தைத் தள்ள வேண்டுமென்றால் அதைவிட உயர்ந்த வோல்ட் வேண்டும். ஆல்டனேட்டரில் இருக்கிற ரெகியுலேட்டர் சுமார் 14.2 வோல்ட்டில் நிறுத்திப் பிடித்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது 1.6 வோல்ட் மட்டுமே. அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் பெட்டரி ஏறுகிறது.

இனி வயரைப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செப்பு வயர் 3 மீட்டர் நீளம் இருந்தால் அதன் தடை சுமார் 0.05 ஓம். அதில் 20 அம்பியர் ஓடினால், ஓமின் விதிப்படி 20 ஐ 0.05 ஆல் பெருக்க, ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். முறுக்கி டேப் சுற்றிய ஒரு மோசமான இணைப்பின் தடையும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால் இன்னும் ஒரு வோல்ட். 14.2 இல் 2 போனால் 12.2. இது பெட்டரியின் 12.6 ஐ விடக் குறைவு! லைட் கேட்கிற 20 அம்பியரையும் ஆல்டனேட்டர் ஒன்றே அந்த வழியாக அனுப்ப முடியாது. பெட்டரியும் தன் பங்குக்குக் கரன்டைக் கொடுக்க வேண்டியதாகிவிடும். ஏற வேண்டிய பெட்டரி இறங்குகிறது.

காணாமல் போன வோல்ட் எங்கே போனது? வெப்பமாகிவிட்டது. 20 அம்பியரும் ஓடினால் அந்த மெல்லிய வயரில் 20 வாட், அந்த இணைப்பில் 20 வாட். அதனால்தான் கெட்ட இணைப்பு கையில் சுடும், டேப் உருகும், சில நேரம் தீயும் பிடிக்கும்.

அதே 3 மீட்டருக்கு 10 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.1 வோல்ட் மட்டுமே. ஆல்டனேட்டர் அதே ஆல்டனேட்டர், பெட்டரி அதே பெட்டரி. மாறியது வயர் மட்டும். இங்கே இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பழைய டிராக்டர்களுக்குப் பூட்டப்படும் பல ஆல்டனேட்டர்களில் ரெகியுலேட்டர் தன் முனையில் 14.2 வோல்ட் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வழியில் எவ்வளவு தொலைந்தது என்பது அதற்குத் தெரியாது. அதனால் நம்பிக்கை முழுவதும் வயரின் மேலும் இணைப்பின் மேலும்தான்.

சின்னச் சிவப்பு லைட்டின் பெரிய வேலை

சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு லைட் எரியும். எஞ்சின் ஓடியதும் அணைந்துவிடும். பெட்டரி ஏறவில்லை என்று எச்சரிப்பதற்குத்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது.

ஆல்டனேட்டருக்குள் இருப்பது மின்காந்தம் அல்லவா? அது காந்தமாக வேண்டுமென்றால் முதலில் யாராவது அதற்குக் கொஞ்சம் மின்னோட்டம் கொடுக்க வேண்டும். அந்தச் சிவப்பு லைட் வழியாகத்தான் அது வருகிறது. பெட்டரியிலிருந்து சாவி, சாவியிலிருந்து பல்ப், பல்பிலிருந்து மெல்லிய வயர் வழியாகச் சுழலும் காந்தத்தின் சுருள், அங்கிருந்து இரும்பு உடல், உடலிலிருந்து பெட்டரி. பல்ப் 2.2 வாட் என்றால் ஓடும் மின்னோட்டம் 0.2 அம்பியருக்கும் குறைவு. ஆல்டனேட்டரை எழுப்ப அது போதும். எழுந்த பிறகு தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்போது பல்பின் இரண்டு பக்கத்திலும் வோல்ட் ஏறக்குறைய சமமாகிவிடும். சமமான இரண்டு பக்கங்களுக்கு நடுவில் மின்னோட்டம் ஓடாது. அதனால்தான் லைட் அணைகிறது.

அந்த பல்ப் எரிந்து போனாலோ, அதற்குப் பதிலாக மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எரியும் எல்.ஈ.டி. போட்டாலோ, ஆல்டனேட்டர் எழும்பாமல் போகலாம். பெரிய இயந்திரம் நன்றாக இருந்தும், ஒரு சின்ன பல்பால் பெட்டரி இறங்குவது இப்படித்தான்.

கராஜில் பாஸ் செய்யும் வேலை

டைனமோவை மாற்றி ஆல்டனேட்டர் பூட்டுவது பயிற்சி பெற்ற பெரியவர்களின் வேலை. நீங்கள் தள்ளி நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். அவர்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் பெட்டரியின் எந்த முனை டிராக்டரின் உடலோடு இணைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பெர்குசன் டி.ஈ.20 போன்ற பழைய டிராக்டர்களில் நேர் முனை உடலோடு இணைந்திருக்கும். இப்போது பரவலாகக் கிடைக்கும் ஆல்டனேட்டருக்கு மறை முனைதான் உடலோடு இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் மாற்றி இணைத்தால் இருவாயிகள் அந்தக் கணமே எரிந்துவிடும்.

அடுத்து பெட்டரியைக் கழற்றும்போது எர்த் பக்கத்தைத்தான் முதலில் கழற்றுவார்கள். ஏன்? மற்ற முனையை முதலில் கழற்றப் போய், ஸ்பானர் தவறுதலாக இரும்பு உடலைத் தொட்டால் மின்னோட்டத்தின் வட்டம் பூர்த்தியாகித் தீப்பொறி பறக்கும். எர்த்தைக் கழற்றிவிட்டால் திரும்பும் வழியே இல்லை. பிறகு ஸ்பானர் இரும்பு உடலில் பட்டாலும் கவலை இல்லை. பூட்டும்போது எர்த்தைக் கடைசியாகப் பூட்டுவார்கள்.

பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுத்துவிடுவார்கள். ஆல்டனேட்டருக்குள்ளேயே ரெகியுலேட்டர் இருப்பதால் அதற்கு இனி வேலை இல்லை. பழைய மெல்லிய வயரை நம்பாமல், தடித்த முனையிலிருந்து புதிய தடித்த வயர் ஒன்றை ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் பெட்டரி வயர் வருகிற முனை வரை நேராகக் கொண்டு போவார்கள். பழைய அம்பியர்மானி வழியாக அனுப்பினால், அதன் அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடி டாஷ்போர்டுக்குள்ளேயே அது சூடாகிவிடக்கூடும்.

அந்தப் புதிய தடித்த வயரில் பெட்டரிப் பக்கத்து முனையில் பியூஸ் ஒன்று இருக்கும். வயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டால் பெட்டரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டிவிடும். எஞ்சினை நிறுத்தினாலும் பெட்டரி நிற்காது. அதனால்தான் பியூஸ் பெட்டரியின் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது மிகச் சிறியதாகவும் இருக்கக்கூடாது. 36 அம்பியர் தரும் ஆல்டனேட்டருக்கு 50 அம்பியர் பியூஸ் பொருத்தம். எஞ்சின் ஓடும்போது பியூஸ் அடிபட்டாலோ, யாராவது பெட்டரி வயரைக் கழற்றினாலோ, ஆல்டனேட்டரின் மின்னோட்டத்துக்குப் போக இடமில்லாமல் வோல்ட் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். அந்த அடியை இருவாயிகள் தாங்குவது கடினம். ஓடுகிற எஞ்சினில் பெட்டரியைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டனேட்டருக்கு அது ஆகவே ஆகாது.

பிரக்கெட் தொடும் இடத்திலிருந்து பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கச் செய்வார்கள். பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். தளர்ந்திருந்தால் வழுக்கும், அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டனேட்டரின் பெயரிங் தேயும்.

கடைசியில் மல்டிமீட்டர். எஞ்சினை ஓடவிட்டு, எல்லா லைட்டையும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டனேட்டரின் தடித்த முனையிலும், மற்றதைப் பெட்டரியின் நேர் முனையிலும் வைப்பார்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் போகிற வழி நல்லது. பிறகு ஒன்றை ஆல்டனேட்டரின் உடலிலும் மற்றதைப் பெட்டரியின் மறை முனையிலும் வைப்பார்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் திரும்பும் வழியும் நல்லது. இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் வேலை முடியாது.

மலையகத்து மழையும் குலுக்கலும்

தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையும் பனியும் இங்கே அதிகம். ஈரம் பட்ட செப்பு முதலில் கறுத்து, பிறகு பச்சை பூக்கும். அந்தப் பச்சைப் படலம் செப்பைப் போல மின்னோட்டத்தைக் கடத்தாது. ஈரம் பல இழை வயரின் உள்ளே ஊறினால், வெளியே தோல் நன்றாக இருந்தும் உள்ளே செப்பு கெட்டுப் போயிருக்கும். அதனால் முறுக்கி டேப் சுற்றுவதை விட, முனைக்குச் செப்பு லக் வைத்து நன்றாக நசுக்கிப் பிடித்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போடுவது நல்லது. முனைக்குப் போவதற்கு முன் வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால், அதன்மேல் வழியும் மழைநீர் முனைக்குள் போகாமல் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

தோட்டத்துப் பாதையின் குலுக்கலைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் போடுகிற ஒற்றைக் கம்பி வயர் டிராக்டரில் ஆடி ஆடி ஒரு நாள் உடைந்துவிடும். பல மெல்லிய இழைகள் சேர்ந்த வாகன வயர் வளைந்து கொடுக்கும். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும், சைலன்சர் குழாயிலிருந்து தூரம் வேண்டும், சிறு இடைவெளிக்கு ஒரு கிளிப் வேண்டும்.

பெட்டரி முனையில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருப்பது அமிலத்தால் வந்தது. அதைக் கையால் தொடாதீர்கள். பெரியவர்கள் அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, துடைத்து, முனையை இறுக்கி, மேலே வாசலின் பூசிவிடுவார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

டோர்ச் பெட்டரி இரண்டு, ஒரு சின்ன டோர்ச் பல்ப், மூன்று துண்டு வயர், நன்றாகத் துருப்பிடித்த ஓர் ஆணி, கொஞ்சம் உப்புத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டரியையும் தொடராக வைத்து பல்பை எரியச் செய்யுங்கள். பிறகு திரும்பி வருகிற பக்கத்து வயரைப் பிரித்து, இடையில் ஆணியை வையுங்கள். துருவின் மேல் வயரைத் தொட்டால் பல்ப் எரியாது, அல்லது மங்கலாக எரியும். ஆணியின் இரண்டு இடங்களை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அதே வயரால் தொடுங்கள். பல்ப் எரியும். இப்போது ஆணியைத் திரும்பும் பக்கத்திலிருந்து எடுத்துப் போகிற பக்கத்தில் வைத்து, துருவிலும் தேய்த்த இடத்திலும் தொட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருக்கிறதா? வட்டத்தில் தடை எந்தப் பக்கம் இருந்தாலும் விளைவு ஒன்றுதான் என்பது உங்கள் கண் முன்னாலேயே தெரிந்துவிடும். இதை டோர்ச் பெட்டரியில் மட்டும் செய்யுங்கள். வாகன பெட்டரியிலோ வீட்டுக் கரன்டிலோ ஒருபோதும் செய்யக் கூடாது.

மூளைக்கு வேலை

ஒரு டிராக்டர். ஸ்டார்ட் நன்றாக எடுக்கிறது, முன் லைட்டும் எரிகிறது. ஆனால் சாவியைத் திருப்பும்போது சிவப்பு லைட் எரியவில்லை, பெட்டரியும் ஏறவில்லை. பழுது எங்கே இருக்கலாம்? கீழே படிக்கும் முன் வட்டத்தை ஒரு தாளில் வரைந்து யோசியுங்கள்.

விடை: ஸ்டார்ட் எடுப்பதால் பெட்டரியும் அதன் எர்த் பட்டையும் நல்லவை. மிச்சம் இருப்பவை, சாவி, அதிலிருந்து பல்புக்கு வரும் வயர், பல்ப், ஆல்டனேட்டருக்குப் போகும் மெல்லிய வயர், ஆல்டனேட்டருக்குள் இருக்கும் கார்பனும் சுருளும், அதன் உடல் எஞ்சினைத் தொடும் இடமும். எதை முதலில் கழற்றுவது? பாஸ் எதையும் கழற்ற மாட்டார். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, மெல்லிய வயரை ஆல்டனேட்டரிலிருந்து உருவி, அதன் முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பில் தொடுவார். சிவப்பு லைட் எரிந்தால் பல்பும் வயரும் நல்லவை. வட்டம் ஆல்டனேட்டரிலோ அதன் எர்த்திலோ அறுந்திருக்கிறது. எரியாவிட்டால் பழுது சாவியிலோ பல்பிலோ வயரிலோதான். வட்டத்தைச் சரியாக வரைந்தவர்களுக்கு இந்தச் சோதனை ஏன் பலிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.